இடவெந்தையில் தாயான கலியன்

கோவளத்துக்குத் தெற்கே கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள திருவிடந்தை, ஆழ்வார் பாசுரத்தில் இடவெந்தை என வழங்கும் திவ்யதேசமாகும். ஆதிவராகப் பெருமான் பிராட்டியை இடப்புறத்தே ஏந்தி எழுந்தருளியிருக்கும் இத்தலத்தைத் திருமங்கையாழ்வார் பெரிய திருமொழி இரண்டாம் பத்தின் ஏழாம் திருமொழியால் மங்களாசாஸனம் செய்தருளினார். அது தாய்ப் பாசுரமாக அமைந்துள்ளது. ஆண், பெண் என்னும் அடையாளம் பிறப்பொன்றால் அமைவதா, வழக்கால் ஆக்கப்படுவதா என்னும் வினாவுக்கு இத்திருமொழி தக்கதோர் ஆய்வுக்களமாகும்.

முதற்கண் அடைவை நோக்குவோம். இதற்கு முந்தைய இரண்டு திருமொழிகளும் கடல்மல்லைத் தலசயனத்தைப் பற்றியவை. அங்கே ஆழ்வார் தம் குரலில் பேசுகிறார். அடுத்து இடவெந்தையில் மகளின் நிலை கண்டு கலங்கும் தாயாகிறார். அதனையடுத்த அட்டபுயகரத் திருமொழியில் வளை நில்லாத மகளாகவே பேசுகிறார். வேலேந்திய குறுநில மன்னர் ஒருவர், மல்லையிலிருந்து கச்சி செல்வதற்குள் மூன்று குரல்களை மேற்கொண்டுவிடுகிறார்.

அம்மகளைப் பெண்ணாகக் காட்டும் அடையாளங்கள் யாவை? நிலவு சுடுகிறது, கடலின் ஒலி கேட்டுப் புலம்புகிறாள், மேனி நிறம் மாறுகிறது, வளை கழல்கிறது. இவை சங்க அகத்துறை வகுத்து வைத்த மெய்ப்பாடுகள். பெண்டிர்க்கு அச்சமும் நாணும் மடனும், ஆடவர்க்குப் பெருமையும் உரனும் உரியன என்று தொல்காப்பியம் பகுக்கிறது. இலக்கண நூலொன்று விதித்துரைக்க வேண்டியிருந்தது என்பதே, இப்பகுப்பில் வழக்குக்கும் பங்குண்டு என்பதைக் காட்டும். வழக்காதலின் அதை ஓர் ஆடவரும் கற்றுத் தமதாக்கிக்கொள்ள இயல்கிறது.

பூருவாசாரியர்கள் இதனை வெறும் புனைவாகக் கொள்ளவில்லை. அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில், ஞான நிலையில் ஆழ்வார் தாமாகவும், பிரேம நிலையில் பெண்ணாகவும் பேசுவதாக நிர்ணயிக்கிறார். தோழி, தாய், மகள் என்னும் மூன்றும், முறையே சம்பந்தம், உபாயம், பலம் ஆகியவற்றைப் பற்றிய மூன்று அவஸ்தைகளுக்கு இட்ட பெயர்களே என்பது அவர் திருவுள்ளம். பரமபுருஷன் ஒருவனே ஆண். அவனுக்குப் பரதந்த்ரமான ஆத்மாக்கள் அனைத்தும் பெண் தன்மையன என்பது இதன் அடிப்படை.

எனினும் இங்கொரு சிக்கல் உண்டு. ஆண்டாளின் காதல் பள்ளமடை, ஏனைய ஆழ்வார்களின் காதல் மேட்டுமடை என்பதும் நம் சம்பிரதாய வழக்கே. அதாவது ஆழ்வார்களுக்குப் பெண்மை வந்தேறிய நிலை, ஆண்டாளுக்கோ இயல்பு. பாரதந்த்ர்யமே பெண்மை என்னும் சமன்பாடு, மனைவி கணவனுக்கு அடங்கியவள் என்ற அக்காலச் சமூக முறையிலிருந்து எடுத்த உவமையாகும். உவமையை உவமையாகவே கொள்ளவேண்டும். உலகியலில் பெண்ணுக்குப் பணிவே இயற்கை என்பதற்கு அதைச் சான்றாக்குதல் பொருந்தாது. 1949இல் சிமோன் த பொவார் 'இரண்டாம் பாலினம்' என்ற நூலில் எழுப்பியதும், பெண்மை எவ்வளவு இயல்பு, எவ்வளவு ஆக்கம் என்னும் இவ்வினாவையே.

ஆழ்வாரே இதற்கு இடம் தருகிறார். பெண்டிர் மடலேறுதல் இல்லை என்பது தொல்காப்பிய விதி. பெரிய திருமடலின் நாயகியோ, அத்தென்னாட்டு முறையைக் கேட்டறிந்தும் ஏற்காது, வடநெறியையே வேண்டி மடலூரத் துணிகிறாள். நாணம் பெண்ணின் பிறவிக்குணமாயின், நாட்டுக்கு நாடு நெறி வேறுபடுதல் எங்ஙனம்? காதல் மிக்கவிடத்து, பெண்ணுக்கென விதித்த எல்லையைப் பெண் குரலே கடக்கிறது.

இடவெந்தைத் திருமொழியின் பத்தாம் பாசுரத்தில் ஆழ்வார் மங்கையர் தலைவனாகவும் வேலுடைய கலியனாகவும் தம் பெயரைப் பொறிக்கிறார். ஒன்பது பாசுரங்களில் தாயாய் நின்றவர் அந்நிலையை மறைக்கவுமில்லை. அதனால் தம் பெயரை இழக்கவுமில்லை. இத்திருமொழியை இன்றும் ஆடவர் கோஷ்டியாக நின்று தாயின் சொல்லாகவே அநுசந்திக்கின்றனர். அவ்வாறு ஓதுவோர், தம் இல்லத்துப் பெண்டிர்க்கு வகுத்த எல்லைகளில் இயற்கை எது, வழக்கு எது என்பதையும் உடன் எண்ணிப் பார்த்தல் தகும்.