காதுக்கு வந்த மொழி

தமிழக-கர்நாடக எல்லையிலுள்ள மாதேஸ்வரன் மலைக் கடைத்தெருவில் கன்னடமும் தமிழும் சேர்ந்தே புழங்கும். மேட்டூர், பாலாறு வழியாக ஏறிவரும் பக்தர் தமிழில் விலை கேட்டால் தமிழிலேயே பதில் வரும். எல்லையில் வாழ்பவர்களுக்கு இரண்டும் கைவந்த மொழி. பல நாட்டார் ஓர் அறையில் கூடி முடிவெடுக்கும்போது அப்படி நடக்காது. அந்த நெருக்கடியில் பிறந்ததுதான், காதுக்கருவியில் உடனுக்குடன் கேட்கும் மொழிபெயர்ப்பு.

முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெனீவா மாநாடுகளில் ஒருவர் பேசி முடித்தபின், மொழிபெயர்ப்பாளர் எழுந்து அதை மறுபடி சொல்வார். நேரம் இரட்டிப்பானது சின்னத் தொல்லைதான். பெரிய தொல்லை வேறு. பேசியவரின் மொழி தெரிந்தவர்கள் அதற்குள் தலையாட்டி, முகம் சுளித்து, தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். பிந்திக் கேட்டவருக்கு அந்த முடிவை ஏற்பது மட்டுமே மிச்சம்.

பாஸ்டன் வணிகர் எட்வர்டு ஃபைலீன் தொலைபேசிக் கருவிகளைக் கொண்டே இதைத் தீர்க்கலாம் என்றார். பிரிட்டிஷ் பொறியாளர் கோர்டன் ஃபின்லே அதை உருவாக்கினார். 1927-இல் ஜெனீவா தொழிலாளர் மாநாட்டில் பயன்படுத்திப் பார்த்தார்கள். பிறகு ஐ.பி.எம். நிறுவனம் அதைக் கையில் எடுத்தது.

அதன் உண்மையான சோதனை 1945 நவம்பர் 20 அன்று நியூரம்பெர்கில் தொடங்கியது. நாஜித் தலைவர்கள் மீதான வழக்கு. ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் என நான்கு மொழிகள். ஏற்பாடு லியோன் டோஸ்டர்ட் என்ற ராணுவ அதிகாரியுடையது. பேசுபவர் வேகமெடுத்தால் மஞ்சள் விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் நிறுத்தியே ஆகவேண்டும். மொழிபெயர்ப்பாளருக்காக நீதிமன்றமே காத்திருந்தது என்பதை நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஜெர்மனில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். செய்தேன் என்றாரா, செய்யவில்லை என்றாரா என்று தெரியும்வரை மொழிபெயர்ப்பாளர் மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்ப்பவரின் பாடும் அதேதான்.

நம் மக்களவைக்கு இந்த வசதி 1964-இல் வந்தது, ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் இடையே. மறு ஆண்டே தமிழகம் மொழிக்காகக் கொந்தளித்தது. பிற இந்திய மொழிகள் ஒவ்வொன்றாகப் பிறகே சேர்ந்தன. 2018-இல்தான் மாநிலங்களவையில் டோக்ரி, காஷ்மீரி, கொங்கணி, சந்தாலி, சிந்தி ஆகியவையும் சேர்ந்து, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் பேச வழி பிறந்தது. இன்று ஜூம் கூட்டத்திலேயே மொழிவாரியாக ஒலித்தடம் பிரித்துக் கொடுக்கலாம்.

ஆனாலும் 2018-இல் மாநிலங்களவையில் தாய்மொழியில் பேச முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியிருந்தது. தயாரித்த உரைக்கு அது போதும். எதிர்வரிசையின் சொல்லுக்கு அந்த நொடியில் எழும் பதிலை யாரால் முன்கூட்டித் தெரிவிக்க முடியும்? மொழிபெயர்ப்பாளர்கள் எப்போதும் இருக்கையில் இருக்க வேண்டும்.