டிராம் ஓட்டுநரின் கைப்பிடியும் வ.உ.சி.யின் பயணமும்



வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், மகனுக்கு வாங்கிய மாதிரி டிராமின் படத்தை அனுப்பி, "சார், இதற்குள் டிகோடர் என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன செய்கிறது?" என்று கேட்டிருந்தார். எல்லோருக்குமாக எழுதுகிறேன். நம் ஓட்டப்பிடாரத்தில் டிராம் ஓடியதில்லை. ஆனாலும் நமக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு.

இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895 மே 7 அன்று சென்னையில் ஓடத் தொடங்கியது. அக்கால டிராம்களில் ஓட்டுநர் முன் ஒரு கைப்பிடி இருக்கும். நின்ற மோட்டாருக்கு எடுத்த எடுப்பில் முழு மின்சாரத்தையும் கொடுத்தால் வண்டி குதிக்கும், மோட்டாரும் கருகும். அதனால் மின்தடைகளின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார். இரண்டு மோட்டார்கள் முதலில் தொடர் இணைப்பில் இருக்கும்; வேகம் பிடித்ததும் பக்க இணைப்புக்கு மாறும்.

மாதிரி டிராமில் அந்தக் கைப்பிடியின் வேலையை டிகோடர் செய்கிறது. முன்பு தண்டவாளத்தின் மின்னழுத்தத்தைக் கூட்டினால் அதில் நிற்கும் எல்லா வண்டிகளும் சேர்ந்தே ஓடும். 1990களில் பொதுத் தரமாக வந்த டிஜிட்டல் முறையில் மின்னழுத்தம் மாறுவதில்லை. அதனோடு கட்டளைகளும் போகின்றன. ஒவ்வொரு டிகோடருக்கும் ஓர் எண் உண்டு. தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் கேட்டு, மோட்டாரை ஓட்டும், விளக்கைப் போடும், மணி அடிக்கும். சுழலும் மோட்டார் தானும் மின்னழுத்தத்தை உண்டாக்கும் என்று வகுப்பில் படித்தோமே, நல்ல டிகோடர்கள் அதை அளந்து, ஏற்றத்தில் வேகம் குறைந்தால் சரிசெய்யும்.

இனி நம் ஊர்க் கதை. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சி., 1912இன் இறுதியில் சிறையிலிருந்து வெளிவந்தபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் தொழிலும் இல்லை. சென்னையில் வறுமையில் வாழ்ந்தார். 1915இல் அங்கு வந்த காந்தி அதிகாலையில் சந்திக்க அழைத்தபோது, டிராம் புறப்படும் நேரத்தைக் குறிப்பிட்டு, தாம் வரச் சற்றுத் தாமதமாகலாம் என்று பதில் எழுதினார். கப்பல் விட்டவருக்கு அன்று டிராம்தான் வாகனம்.

அந்த டிராம் 1953 ஏப்ரலில் நின்றுபோனது. அதன் மணியோசையையும் விளக்கையும் டிகோடரில் ஏற்றிவிடலாம். அதில் யார் பயணம் செய்தார் என்பதைப் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.