தமிழ் வகுப்பு: மணல், ஓலை, கியூஆர் கோடு

ஸ்மார்ட் போர்டு வந்தா தமிழ் வகுப்பு உருப்பட்டுடும்னு ஒரு கட்சி. அதனாலதான் கெட்டுப்போகுதுன்னு இன்னொரு கட்சி. அவங்க சண்டை போட்டுக்கிட்டு இருக்கட்டும். 19ஆம் நூற்றாண்டுல தஞ்சாவூர்ப் பக்கம் எதை வெச்சுப் பாடம் நடத்தினாங்கன்னு நாம பார்ப்போம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துல முதல் நோட்டு மணல். காவிரிக் கரையில மணலுக்கா பஞ்சம்? விரலால எழுதி, அழிச்சு, மறுபடி எழுதணும். இந்த வழக்கத்தைச் சென்னையில பார்த்த ஆண்ட்ரூ பெல்ங்கிற பாதிரியார், எழும்பூர்ல தான் நடத்தின பள்ளியிலயும் கொண்டுவந்தார். 1797ல லண்டன்ல அதைப் பத்திப் புத்தகமும் போட்டார். அப்புறம் இங்கிலாந்துப் பிள்ளைகளும் மணல்ல எழுதிப் பழகினாங்க!

மணலுக்கு அடுத்தது ஓலை. இங்கதான் விஷயமே இருக்கு. பழைய ஏடுகள்ல பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகார வித்தியாசமும் தெரியாது. 'எரி'யா, 'ஏரி'யா? நெருப்பா தண்ணியான்னு ஏடு சொல்லாது, வாத்தியார்தான் சொல்லணும். செய்யுளை அடி பிரிச்சும் எழுதியிருக்க மாட்டாங்க. 1871ல உ.வே.சா. மாயூரத்துல மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட சேர்ந்தது இந்த மாதிரிப் படிப்புக்குத்தான். பாட்டை வாய்விட்டுப் படிக்கணும், ஆசிரியர் கேட்டுத் திருத்திப் பொருள் சொல்லணும்.

1880ல உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில தமிழாசிரியர் ஆனார். அதே வருஷம் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பத்திக் கேட்டார். அது அவர் பாடம் கேட்காத நூல். கையில ஏடு இருந்தும் பல இடம் விளங்கலை. கும்பகோணத்துச் சமணர்கள் வீட்டுல அந்த நூலை வழிவழியாப் படிச்சுட்டு வந்தாங்க. அவங்ககிட்ட கேட்டுத்தான் பல சந்தேகம் தீர்ந்துது. ஓலையில இல்லாதது காதுவழியா வந்துருக்கு, பாருங்க. 1887ல சிந்தாமணி அச்சாச்சு.

அச்சுப் புத்தகம் பெரிய வரம்தான். புள்ளி, அடிபிரிப்பு, குறிப்புரை எல்லாம் சேர்ந்து, குரு கிடைக்காத பிள்ளையும் தானே படிக்க முடிஞ்சுது. ஆனா வகுப்புல சத்தம் குறைஞ்சுது. கோனார் உரையை வெச்சுக்கிட்டு, செய்யுளை ஒருதடவைகூட வாய்விட்டுப் படிக்காமலே மார்க் வாங்கிடலாம்னு ஆச்சு.

2018ல தமிழ்நாட்டு அரசு 1, 6, 9, 11 வகுப்புகளுக்குக் கொண்டுவந்த புதுப் பாடநூல்கள்ல கியூஆர் கோடு வந்துது. 2019ல கல்வித் தொலைக்காட்சி வந்துது. ஒலியும் ஒளியுமா பாடம் மறுபடி காதுக்கு வருது. நல்லதுதான். ஆனா ஒன்பதாவது படிக்கிற பிள்ளை 'ஏரி'யை 'எரி'ன்னு படிச்சா அந்த வீடியோவுக்குத் தெரியாது, அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். திருத்தணும்னா யாராவது கேட்கணும்.

அதனால தமிழய்யா, தமிழம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடியோ போடுங்க. அதுக்கு முன்னாடி பிள்ளைங்களை ஆளுக்கு ஒரு பாட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, காதுகொடுத்துக் கேளுங்க. நாப்பது பேர் இருக்கிற வகுப்புல இது சிரமம்தான். ஒரு நாளைக்கு நாலு பேர் படிச்சாலும் பத்து நாள்ல ஒரு சுத்து முடிஞ்சுடும்.