பஞ்சாங்கச் செயலி

சூரிய சந்திரர்களின் ஓட்டத்தைக் கணித மாதிரியாக்கிக் கைபேசியிலேயே இயக்கிப் பார்க்கும் மென்பொருள் பஞ்சாங்கச் செயலி. திருவண்ணாமலையில் அதற்கு மாதாமாதம் வேலை உண்டு. பௌர்ணமி எத்தனை மணிக்குப் பிறக்கிறது, எப்போது முடிகிறது என்று பார்த்துக்கொண்டுதான் 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்கு வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறுகிறார்கள்.

சூரியனைவிட்டுச் சந்திரன் 168 பாகை விலகும்போது பௌர்ணமித் திதி பிறக்கிறது. 180 பாகையில் முடிகிறது. செயலி உத்தேசமாக ஒரு நேரத்தை எடுத்துக்கொண்டு அப்போதைய விலகலைக் கணக்கிடும். கூடுதலாக வந்தால் நேரத்தைப் பின்னுக்கும், குறைந்தால் முன்னுக்கும் நகர்த்தும். சில சுற்றுகளிலேயே விடை கிடைத்துவிடும்.

இதே வேலையை மனப்பாடமும் சோழியும் கொண்டு செய்த மரபு தமிழகத்தில் இருந்தது. வாக்கிய முறை என்று அதற்குப் பெயர். வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்களில் ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கான சந்திர நிலை. கடபயாதி முறைப்படி எழுத்துகளை எண்ணாக்கிப் படிக்க வேண்டும். முதல் வாக்கியம் 12 பாகை 3 கலை என்று வரும். 248 நாளில் சந்திரனின் வேகம் ஒன்பது முறை கூடிக் குறைந்து ஏறத்தாழ பழைய நிலைக்கே திரும்பிவிடுவதால் அத்தனை வாக்கியங்களே போதும். பதினான்காம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவர் இவற்றை மேலும் நுட்பமாக்கினார்.

1769-இல் வெள்ளி இடைநகர்வைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தில் மேகத்தால் அதைத் தவறவிட்டார். ஆனால் தமிழர் கணிதத்தைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் அந்தக் கணக்கு 41 விநாடிதான் பிசகியது. ஐரோப்பாவின் மாயர் அட்டவணை பிசகியது 68 விநாடி. 1825-இல் 'கால சங்கலித' நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழி பரப்பி அவ்வாண்டு கிரகணத்தைக் கணித்ததை நேரில் கண்டார். தொடக்கம் 4 நிமிடம்தான் பிசகியது. முடிவு 52 நிமிடம். ஏட்டில் ஒரு எண்கூட எழுதாமல் வந்த விடை அது. அந்தத் தரையை நம் கைபேசியின் மூதாதை என்றே சொல்லலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, கண்ணால் கண்டதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். அன்று எழுந்த வாக்கியமா திருக்கணிதமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவும் வாக்கியத்தையே பின்பற்றுகின்றன. இன்றைய செயலிகள் பலவற்றுக்குள் இயங்குவதோ திருக்கணிதம். 1997-இல் வந்த, நாசாவின் ஜேபிஎல் கோள்நிலைத் தரவைச் சுருக்கித் தரும் ஸ்விஸ் எபிமெரிஸ் போன்ற நிரல்தொகுப்புகள் அதற்கு அடிப்படை.

கோயில் பலகையில் ஒரு நேரமும் கைபேசியில் வேறொரு நேரமும் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். சூரிய ஈர்ப்பால் சந்திரனுக்கு ஏற்படும் சில அசைவுகளை வாக்கியம் தனியே கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தக் குறை அஷ்டமியையொட்டிப் பெரிதாகும். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சுருங்கிவிடும். ஆகவே கிரிவலக்காரருக்கு அவ்வளவு நஷ்டமில்லை. ஆனாலும் தன் செயலிக்குள் ஓடுவது எந்தக் கணிதம் என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. செயலி செய்பவர்கள் அதை முகப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

திதி முடியும் கணம் உலகமெங்கும் ஒன்றே. திருவண்ணாமலையில் இரவு 8 மணி என்றால் சிங்கப்பூர்க் கைபேசியில் 10:30 என்று காட்டும். சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணும்போதுதான் ஊருக்கு ஊர் கணக்கு மாறுகிறது.