இகரம் யாருடையது?

இகரத்தில் முடிந்தால் பெண்பால் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்: கிழவி, மாணவி, ஒருத்தி. அப்படின்னா தொழிலாளி யார்? அந்த இகரத்தில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மண்வெட்டியில் அது கருவி. நாற்காலியில், நாலு கால் உடையது. இது வீட்டுக்குள் நடக்கிற விஷயம். நம் இலக்கணக்காரர்கள் ஒரே ஓசைக்குள் பல விகுதிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள்தான்.

வெளியிலிருந்து வந்த இகரங்கள் வேறு கதை. சமஸ்கிருத 'தேவி'யில் அது பெண்பால். 'யோகி'யிலோ 'இன்' என்ற ஈற்றின் எழுவாய் வடிவம், ஆண்பால். பாரசீக வழியாக வந்த 'கைதி', 'குஷி' இரண்டையும் பாருங்கள். ஒன்று ஆளைச் சொல்கிறது, மற்றது மனநிலையை. நடுக்காலப் பாரசீகத்தில் இவை 'ஈக்', 'ஈஹ்' என்று இரண்டு தனி விகுதிகள். கடைசி மெய் தேய்ந்துபோனதும் ஒன்றாகிவிட்டன. இதற்குச் சம்பந்தமே இல்லாத செமிட்டிக் குடும்பத்து அரபியின் 'இய்ய்' விகுதியும் பிறகு வந்து சேர்ந்துகொண்டது. எது யாருடையது என்று காதுக்குத் தெரியவில்லை.

இந்தக் குழப்பத்தில் பிறந்த பெயர்தான் 'இந்தி'. சிந்துவைப் பாரசீகர்கள் 'ஹிந்த்' என்றார்கள். அதோடு அவர்களுடைய இகரம். இந்த நாட்டைச் சேர்ந்தது, அவ்வளவுதான் பொருள். 1938இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் கட்டாயமாக்கப்பட்டதும், 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 351ஆம் பிரிவு, தேவைப்படும் சொற்களை முதன்மையாகச் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னதும் இந்த மொழியைத்தான். தூய்மை தேடிப் போனவர்கள் பெயரின் வாலைப் பார்க்கவில்லை போலும்.

நாம் மட்டும் யோக்கியமா? ஓசை ஒத்துப்போனால் உடனே உறவு கொண்டாடிவிடுகிறோம். 1816இல் எல்லிஸ், தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஓர் இனம் என்று காட்டியபோது ஒற்றை ஓசையை நம்பவில்லை. வேர்ச்சொற்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தார். அந்தப் பொறுமை நமக்கு இல்லை. வங்காளியும் தொழிலாளியும் கண்ணுக்கு ஒரே 'ஆளி'. ஆனால் தொழிலாளியில் இருப்பது ஆள். வங்காளியில் இருப்பது நாட்டின் பெயர், அதன்மேல் ஒட்டிய இகரம்.

மலையாளி என்ற சொல்லில் சிக்கல் இன்னும் கூடுகிறது. கேரளத்தவரைச் சொல்லும்போது இன்றைய காதுக்கு அது மலையாளம் பேசுகிறவர். கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் அதே பெயரில் வாழ்கிறவர்கள் மலையை ஆள்கிறவர்கள், மலை ஆட்கள், பேசுவது தமிழ். பழங்குடிப் பட்டியலிலும் அவர்கள் பெயர் மலையாளிதான். சமவெளிக்கு இறங்கி வந்து பெயரைச் சொன்னால், "கேரளாவில எந்த ஊருங்க?" என்று கேட்கிறோம்.