கடற்பஞ்சுக்காரர்கள் காட்டிய கப்பல்கள்: மத்தியதரைக் கடலில் கடலடித் தொல்லியல் உருவான வரலாறு

கடலடித் தொல்லியலின் தோற்றத்தை எழுதுவோர் பெரும்பாலும் ஒரு கருவியிலிருந்து தொடங்குகிறார்கள். 1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காஞானும் ‘அக்வாலங்’ என்னும் மூச்சுக்கருவியை உருவாக்கினர். மனிதர் முதுகில் காற்றைச் சுமந்துகொண்டு நீருக்குள் இறங்கினர். புதிய ஆய்வுத்துறை ஒன்று பிறந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. கருவியின் பங்கை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அக்கருவி வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கடலடியிலிருந்து பழங்காலக் கப்பலின் சரக்கு மேலே வந்துவிட்டது. கருவி வந்த பிறகும் பல ஆண்டுகள் முறையான அகழாய்வு நடக்கவில்லை. இத்துறை உருவானது இரண்டு மாற்றங்களால் என்பது இக்கட்டுரையின் வாதம். கடற்பஞ்சு எடுப்போரிடம் தலைமுறைகளாக இருந்த கடலடி அறிவை அறிஞர்கள் மதித்துக் கேட்கத் தொடங்கியது முதலாவது. கரையில் நின்று ஏவல் செய்துகொண்டிருந்த தொல்லியலாளர் தாமே நீருக்குள் இறங்கியது இரண்டாவது.

கிரேக்கத் தீவான சிமியைச் சேர்ந்த கடற்பஞ்சுக்காரர்கள் 1900ஆம் ஆண்டு வசந்தத்தில், கப்பல் தலைவர் திமித்ரியோஸ் கோண்டோஸின் தலைமையில் வட ஆப்பிரிக்கக் கரையை நோக்கிப் புறப்பட்டனர். வழியில் புயலுக்கு ஒதுங்கிய இடம் ஆன்டிகிதெரா தீவு. அங்கே செப்புத் தலைக்கவசம் அணிந்து இறங்கிய எலியாஸ் ஸ்டாடியாடிஸ், அடியில் மனிதப் பிணங்களும் குதிரைகளும் குவிந்து கிடப்பதாகச் சொல்லி அஞ்சி மேலே வந்தார். கோண்டோஸ் தாமே இறங்கினார். வெண்கலச் சிலை ஒன்றின் கையோடு திரும்பினார். செய்தி கிரேக்க அரசை எட்டியது. அந்த ஆண்டு நவம்பரில் கடற்படைக் கப்பலின் துணையோடு மீட்புப் பணி தொடங்கியது.

இறங்கியவர்கள் அதே கடற்பஞ்சுக்காரர்கள்தாம். ஏறக்குறைய 50 மீட்டர் ஆழத்தில் ஒருவர் சில நிமிடங்களே நிற்க முடியும். அழுத்த நோயால் ஒருவர் இறந்தார், இருவர் முடங்கினர். கப்பலின் மேல்தளத்தில் இருந்த அறிஞர்களுக்கு வேண்டியவை சிலைகள். எது எங்கே கிடந்தது, எதன்மேல் எது விழுந்திருந்தது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சில நிமிடங்களில் அதற்கு விடை தேடுமாறு அந்த மனிதர்களைக் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது. 1902இல் ஏதென்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில், துருவேறிய வெண்கலக் கட்டி ஒன்றுக்குள் பற்சக்கரம் இருப்பது கண்ணில் பட்டது. கோள்களின் போக்கையும் கிரகணங்களையும் கணக்கிட்ட ‘ஆன்டிகிதெரா பொறி’ அதுதான். இன்று அதன் 82 துண்டுகள் உள்ளன. குறைந்தது 30 பற்சக்கரங்கள் எஞ்சியுள்ளன. அது சரக்காக ஏற்றப்பட்டதா, பயணி ஒருவரின் உடைமையா? அது கிடந்த இடம் குறிக்கப்பட்டிருந்தால் இக்கேள்விக்கு விடை கிடைத்திருக்கக்கூடும். அந்தக் கப்பலின் காலத்தைக் கி.மு. முதல் நூற்றாண்டின் முற்பகுதி என உறுதிசெய்ய உதவிய காசுகளும், 1976இல் கூஸ்தோ குழு மறுபடி இறங்கிய பிறகே கிடைத்தன.

1907இல் துனீசியாவின் மஹ்தியா கரைக்கு அப்பால், இன்னொரு பழங்கப்பல் கிடைத்தது; அதையும் கிரேக்கக் கடற்பஞ்சுக்காரர்களே கண்டுபிடித்தனர். பளிங்குத் தூண்களும் வெண்கலச் சிலைகளும் ஏற்றிய கப்பல். ஆல்ஃபிரட் மெர்லின் அந்தப் பணியை நடத்தினார். முறை அதே முறை.

மூச்சுக்கருவி வந்த பின் நிலைமை மாறியதா என்று பார்க்க மார்செய் நகருக்கு அருகிலுள்ள கிரான் கோங்லூவே தீவுக்குச் செல்ல வேண்டும். 1952 முதல் கூஸ்தோவின் முக்குளிப்பாளர்கள் அங்கே வேலை செய்தனர். ஆயிரக்கணக்கில் அம்போரா ஜாடிகள் மேலே வந்தன. அகழாய்வின் பொறுப்பாளர் ஃபெர்னான் பெனுவா நீருக்குள் இறங்கவில்லை. மேலே வந்ததை வைத்து முடிவு செய்தார். ஜாடிகளில் ஒரு பகுதி மற்றதைவிட ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிந்தையது என்பது சிக்கலாக நின்றது. எல்லாம் ஒரே கப்பல் என்றே பெனுவா எழுதினார். பதிவேடுகளைப் பின்னாளில் மறு ஆய்வு செய்த லூக் லோங், கி.மு. 200 அளவில் மூழ்கிய கப்பலின்மேல் இன்னொரு கப்பல் கி.மு. 100 அளவில் மூழ்கிக் கிடந்ததை நிறுவினார். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் மண்ணடுக்குகளைப் பிரித்தறிவதே தொல்லியல் மாணவர் கற்கும் முதற்பாடம். நவீனக் கருவி கையில் இருந்தும் அந்தப் பாடம் அங்கே தவறியதற்கு, அடுக்கைக் காணத் தெரிந்த கண் நீருக்கு மேலே இருந்ததே காரணம். கூஸ்தோவைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அவரது படங்களும் நூல்களும் இல்லையென்றால் அடுத்த தலைமுறை கடலை ஏறெடுத்துப் பார்த்திருக்காது.

மாற்றம் துருக்கியில் நடந்தது. அமெரிக்கப் பத்திரிகையாளர் பீட்டர் த்ரோக்மார்ட்டன் 1958இல் போத்ரும் ஊர்க் கடற்பஞ்சுக்காரர்களோடு படகில் சென்று, அவர்கள் சொன்ன இடங்களைக் குறித்துக்கொண்டே வந்தார். முப்பதுக்கு மேற்பட்ட பழங்கப்பல்களின் இடங்கள் அவருக்குத் தெரியவந்தன. அவர்களுள் கெமால் அராஸ் என்ற தலைவர், கெலிதோன்யா முனையருகே ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போன உலோகப் பாளங்கள் கிடப்பதாகவும், வெடி வைத்துப் பெயர்த்துப் பழைய உலோகமாக விற்கப்போவதாகவும் பேச்சுவாக்கில் சொன்னார். த்ரோக்மார்ட்டன் கெஞ்சிக் கேட்டு அதை நிறுத்தினார். அடுத்த ஆண்டே இடம் உறுதியானது. இத்துறையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய உரையாடல் ஒன்று நடந்ததாக நான் கருதவில்லை. நூலகம் எதிலும் இல்லாத தகவலை, அதை உடையவரின் படகிலேயே உட்கார்ந்து, அவர் மொழியிலேயே கேட்டு வாங்கினார் அவர்.

பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகம் அந்த அகழாய்வை அங்கே பயின்றுவந்த ஜார்ஜ் பாஸிடம் ஒப்படைத்தது. பாஸுக்கு வெண்கலக் காலம் தெரியும், முக்குளிக்கத் தெரியாது. நீச்சல்குளம் ஒன்றில் அவசரமாகக் கற்றுக்கொண்டு 1960இல் துருக்கி சென்றார். ஏற்கெனவே கடலில் தேர்ந்த ஹானர் ஃப்ராஸ்ட், ஜோன் டு பிளாட் டெய்லர், பிரெஞ்சு முக்குளிப்பாளர் ஃப்ரெடெரிக் டுமா ஆகியோர் உடனிருந்தனர். சுமார் 27 மீட்டர் ஆழம். ஒவ்வொரு பொருளும் கிடந்த இடத்திலேயே வரையப்பட்டது, படம் எடுக்கப்பட்டது, அளக்கப்பட்டது. இறுகிய பாறைக் கட்டிகளை முழுதாகக் கரைக்குக் கொண்டுவந்து, அவை கடலடியில் இருந்த வரிசையிலேயே அடுக்கிப் பிரித்தார்கள்.

கிடைத்த செப்புப் பாளங்கள் விரித்த மாட்டுத்தோல் வடிவில் இருந்தன. கடற்பஞ்சுக்காரருக்கும் அவை தெரிந்தே இருந்தன. அவர் கண்ணுக்குப் பயனில்லை என்று பட்டிருக்கக்கூடிய சிறு பொருள்களே வழக்கைத் தீர்த்தன: எடைக்கற்கள், எகிப்திய வண்டு வடிவ முத்திரைகள், உருளை முத்திரை ஒன்று, ஒரு விளக்கு. அவை கப்பலின் ஒரு முனையில் திரண்டு கிடந்ததால் அங்கேதான் மாலுமிகள் தங்கியிருந்தனர் என்றும், அவர்களின் சொந்த உடைமைகள் சிரியா-பாலஸ்தீனக் கரையைச் சேர்ந்தவை என்றும் பாஸ் வாதிட்டார். கி.மு. 1200 அளவில் அந்தக் கடலின் வணிகம் முழுவதும் மைசீனியக் கிரேக்கர் கையில் இருந்தது என்ற அக்கால ஒருமித்த கருத்துக்கு இது நேர் எதிரானது. 1967இல் அவர் நூல் வெளியானபோது ஏற்றவர்கள் குறைவு. ஆனால் எதிர்த்தவர்களும் சான்றின் இடத்தைக் கேள்வி கேட்க முடியவில்லை. பொருள் எங்கே கிடந்தது என்பது வரைபடத்தில் இருந்தது.

1961 முதல் 1964 வரை துருக்கியின் யாஸி அடா தீவருகே ஏழாம் நூற்றாண்டு பைசாந்தியக் கப்பல் ஒன்று தோண்டப்பட்டது. அதன் மரத்துண்டுகள் நீரோட்டத்தில் மிதந்து போகாமல் இருக்க, கூராக்கிய மிதிவண்டிச் சக்கரக் கம்பிகளால் அவற்றைக் கடல்தரையோடு குத்தி நிறுத்தினார்கள். அப்படிக் காத்த மிச்சத்திலிருந்து ஃப்ரெடெரிக் வான் டோர்னிங்க் கப்பலின் உடலையே வரைந்து காட்டினார். ஒரு துலாக்கோலில் ‘கியோர்கியோஸ்’ என்ற கப்பல் தலைவரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. 1973இல் பாஸ் தனி நிறுவனம் தொடங்கினார். இன்று கடல்சார் தொல்லியல் நிறுவனம் எனப்படும் அது, சில ஆண்டுகளில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

நிறுவனத்தார் கடற்பஞ்சு ஊர்களுக்குச் சென்று, செப்புப் பாளங்களின் ஓவியங்களைக் காட்டிப் பேசுவதை வழக்கமாக்கினர். 1982 கோடையில் பலன் கிடைத்தது. காஷ் ஊருக்கு அருகே உலுபுருனில் இறங்கிய மெஹ்மெத் சாகிர், காது வைத்த உலோக பிஸ்கட்டுகளைப் பார்த்ததாகத் தன் தலைவரிடம் சொன்னார். ஓவியத்தை நினைவில் வைத்திருந்த தலைவருக்கு அது என்னவென்று உடனே புரிந்தது.

1984 முதல் 1994 வரை, முதலில் பாஸும் பிறகு ஜெமால் புலாக்கும் அந்த அகழாய்வை நடத்தினர். 44 மீட்டரில் தொடங்கி 61 மீட்டர் வரை சரிந்து கிடந்த சரக்கை மீட்க 22,413 முறை முக்குளிக்க வேண்டியிருந்தது. கி.மு. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கப்பல் அது. தாமிரம் 10 டன், வெள்ளீயம் 1 டன்; வெண்கலம் வார்க்கத் தேவையான விகிதம். கருநீலக் கண்ணாடிப் பாளங்கள், கருங்காலிக் கட்டைகள், யானைத் தந்தம், நீர்யானைப் பற்கள், ஜாடிகளில் மரப்பிசின், எகிப்திய அரசி நெஃபெர்டிட்டியின் பெயர் பொறித்த பொன் முத்திரை. தேவதாருப் பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, மர நாக்குகளைச் செருகி, மர ஆணியால் இறுக்கியிருந்தார்கள். கிரேக்க, உரோமக் கப்பல்களில் பின்னாளில் காணும் அதே இணைப்புமுறை.

பொன் முத்திரையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஓர் எலியின் தாடை எலும்பு. கப்பலில் திருட்டுத்தனமாக ஏறிய வீட்டு எலி அது. 2008இல் வெளியான ஆய்வு அதன் கடைவாய்ப்பல்லின் வடிவத்தை ஒப்பிட்டு, அந்த எலி வட சிரியக் கரையிலிருந்து வந்தது எனக் காட்டியது. நங்கூரக் கற்களும் மாலுமிகளின் உடைமைகளும் சுட்டிய திசையோடு இது பொருந்துகிறது. 1967இல் பாஸ் சொன்னதை இப்போது மறுப்பவர் அரிது. இவ்வளவு சிறிய எலும்பு ஆன்டிகிதெராவில் கையாண்ட முறையில் ஒருபோதும் மேலே வந்திருக்காது.

அறிவைத் தந்த தொழில் மட்டும் நிலைக்கவில்லை. செயற்கைப் பஞ்சு சந்தையைப் பிடித்தது. 1986இல் பரவிய நோய் கடற்பஞ்சுகளையே அழித்தது. தகவல் தருவோர் வேறு திசைகளிலிருந்து வரத் தொடங்கினர். 2024இல் அறிவிக்கப்பட்ட 3,300 ஆண்டுப் பழைய கப்பலை, இஸ்ரேல் கரையிலிருந்து 90 கிலோமீட்டர் தொலைவில், 1,800 மீட்டர் ஆழத்தில், எரிவாயு நிறுவனம் ஒன்றின் இயந்திரம் கண்டது. மனிதர் இறங்க முடியாத ஆழம். இயந்திரம் இரண்டு ஜாடிகளை மட்டும் எடுத்துவந்தது. தொல்லியலாளர் மறுபடி மேல்தளத்தில்தான் நின்றார் என்றாலும் இது பெனுவாவின் நிலையன்று. ஜாடிகள் கிடந்த நிலையைக் கேமரா வழியே முதலில் பார்த்துவிட்டு, பிறகே ஒன்றைத் தொட அனுமதித்தார்.

நம் பக்கத்துக் கடலிலும் இதே வரிசை நிகழ்ந்திருக்கிறது. இலங்கையின் தென்கரையில், அம்பலாந்தோட்டைக்கு அருகே கொடவாய என்னும் பழந்துறைக்கு அப்பால், 2003இல் சங்கு குளித்த உள்ளூர்க்காரர்கள் 33 மீட்டர் அளவு ஆழத்தில் ஒரு கப்பலைக் கண்டனர். அவர்கள் மேலே கொண்டுவந்த கல்லில் மீன், திருவத்சம் போன்ற குறிகள் இருந்தன. கண்ணாடிப் பாளங்களும் கறுப்பு-சிவப்புப் பானைகளும் ஏற்றிய அக்கப்பல், கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. இந்தியப் பெருங்கடலில் இதுவரை அறியப்பட்ட கப்பல் எச்சங்களில் மிகப் பழையது. இலங்கைத் தொல்லியல் துறையோடு சேர்ந்து அதைத் தோண்டியவர்களுள் பாஸ் தொடங்கிய நிறுவனத்தாரும் இருந்தனர். வலை எங்கே மாட்டும், சங்கு எந்தப் பாரில் கிடைக்கும் என்பதை மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் இன்றும் தொழில் செய்வோர் அறிவார்கள். உலுபுருனுக்கு முன் துருக்கியில் செய்ததுபோல், பாளங்கள், நங்கூரக் கற்கள், அம்போராக்கள் ஆகியவற்றின் படங்களோடு இவ்வூர்களுக்குச் செல்லும் ஒரு கணக்கெடுப்பு, கருவிகள் வாங்குவதற்கு முன்பே தொடங்கக்கூடிய ஒன்று.