தகுதித் தேர்வு யாரை வெளியே நிறுத்துகிறது? பணியிடத் திறன் மதிப்பீடும் மறைமுகப் பாகுபாடும்

ஒரு வேலைக்கு இன்றியமையாத திறன் எது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? எழுத்தறிவு, கணக்கறிவு, கருவிகளைப் பற்றிய புரிதல் ஆகியவற்றைச் சோதித்தே ஆள் எடுப்பதாக நிறுவனங்கள் கூறுகின்றன. வினாத்தாள் எல்லாருக்கும் பொது, எனவே பாகுபாட்டுக்கு இடமில்லை என்பது அவற்றின் வாதம். இவ்வாதத்தை அடிப்படையிலேயே கேள்விக்கு உட்படுத்திய தீர்ப்பு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971 மார்ச் 8 அன்று வழங்கிய 'கிரிக்ஸ் எதிர் டியூக் பவர்' தீர்ப்பு. ஒடுக்கப்பட்டோர் உரிமைக்காக வழக்காடும் நாம் அனைவரும் அதை அறிந்திருக்க வேண்டும்.

வழக்கின் பின்னணி

வட கரோலினா மாநிலத்தின் டான் ரிவர் அனல்மின் நிலையத்தில் 95 பேர் பணியாற்றினர். அவர்களுள் 14 பேர் கறுப்பினத்தவர். ஐந்து துறைகள் இருந்தும் கறுப்பினத்தவருக்குக் கடைநிலை உடலுழைப்புத் துறையில் மட்டுமே இடம் தரப்பட்டது. அத்துறையின் மிக உயர்ந்த ஊதியம்கூட, மற்ற நான்கு துறைகளின் மிகக் குறைந்த ஊதியத்தைவிடக் குறைவு.

1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் வேலைவாய்ப்பில் இனப்பாகுபாட்டைத் தடை செய்தது. அப்பிரிவு 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில், மற்ற துறைகளில் புதிதாகச் சேர்வோர் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுடன் இரண்டு தேர்வுகளிலும் தேற வேண்டும் என நிறுவனம் விதித்தது. ஒன்று பொது அறிவுத்திறனை அளக்கும் வொண்டர்லிக் தேர்வு. மற்றொன்று இயந்திரவியல் புரிதலை அளக்கும் பென்னெட் தேர்வு. 1960 கணக்கெடுப்பின்படி அம்மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியை முடித்த வெள்ளையின ஆண்கள் 34 விழுக்காடு. கறுப்பின ஆண்கள் 12 விழுக்காடு மட்டுமே. பள்ளிகளில் நிலவிய இனப்பிரிவினையின் விளைவு இது.

தீர்ப்பு நிறுவிய நெறி

பதின்மூன்று கறுப்பினத் தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தனர். பங்கேற்ற எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அவர்கள் பக்கம் நின்றனர். முதலாளியின் நோக்கம் நல்லதா என்பது மட்டும் போதாது, விதியின் விளைவையும் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். தேர்வுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை மெய்ப்பிக்கும் பொறுப்பை நிறுவனத்தின் மீதே சுமத்தியது. சான்றிதழோ தேர்வோ இல்லாமல் முன்பே சேர்ந்த வெள்ளையினப் பணியாளர்கள் அதே வேலைகளை நன்றாகவே செய்துவந்தனர். அப்படியிருக்க, அத்தகுதிகள் எவ்வாறு இன்றியமையாதவை ஆகும்? இத்தீர்ப்பு தேர்வுகளைத் தடை செய்யவில்லை. அவை வேலைக்குத் தேவையான திறனை அளக்க வேண்டும் என்றே கூறியது.

இந்தியாவில்

2021 மார்ச்சில், பெண் இராணுவ அதிகாரிகளின் நிரந்தரப் பணி குறித்த நிதிஷா வழக்கில், நம் உச்ச நீதிமன்றம் கிரிக்ஸ் தீர்ப்பை ஆராய்ந்து மறைமுகப் பாகுபாடு என்னும் கோட்பாட்டை ஏற்றது. வெளித்தோற்றத்தில் நடுநிலையான மதிப்பீட்டு அளவுகோலும் அரசமைப்புக்கு முரணாகலாம் என்பது இங்கும் சட்டநெறி ஆகிவிட்டது.

நம் நாட்டில் தேர்வு நடக்கும் முன்பே மதிப்பீடு முடிந்துவிடுகிறது. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒன்றிய அரசின் குறைந்தபட்ச ஊதிய விகிதத்தில், பெருநகரங்கள் அடங்கிய 'அ' பகுதியில் பெருக்குதல், துப்புரவு, சுமை ஏற்றி இறக்குதல் ஆகியவை 'திறனற்ற' வேலைகள். நாளொன்றுக்கு 783 ரூபாய். ஆயுதமற்ற காவல் பணி 'திறன் பெற்ற' வேலை, 954 ரூபாய். காவலாளியின் ஊதியம் குறைய வேண்டும் என்பதல்ல நம் வாதம். கழிவின் தன்மையையும் அதன் ஆபத்தையும் அறிந்து வேலை செய்யும் அறிவு ஏன் திறனாக எண்ணப்படுவதில்லை என்பதே நம் கேள்வி. அவ்வேலையைத் தலைமுறைகளாக எம்மக்கள் மீது சாதி சுமத்தியது. ஊதியப் பட்டியலோ அதில் திறனே இல்லை என்கிறது.

2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, ஊதியத்தை நிர்ணயிக்கையில் திறனை முதன்மையாகக் கருத வேண்டும் என்கிறது. வேலையின் கடுமையையும் ஆபத்தையும் கருதுவதை அரசின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. எனவே எது திறன் என்னும் வரையறையே நம் போராட்டக் களம்.

நாம் கேட்க வேண்டியவை

எந்தத் திறன் மதிப்பீட்டின் முன்பும் நான்கு கேள்விகளை எழுப்புவோம். இத்தேர்வு அன்றாட வேலையின் எந்தப் பகுதியை அளக்கிறது? இதில் தேறாமலே அதே வேலையைச் செய்வோர் இருக்கிறார்களா? சாதிவாரியாக, பாலினவாரியாகத் தேறியோர் எத்தனை பேர்? அனுபவத்தால் பெற்ற அறிவைச் செய்முறையில் காட்ட வழி உண்டா? அரசு நிறுவனமாயின் இவ்விவரங்களை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோரலாம். அவ்விடைகளே நாளை நம் வழக்கின் சான்றாகும்.